சிஸ்டம் அட்மினாகச் சேரவிருக்கும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் இங்கே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராகச் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் இதே வேலையைப் பார்த்தவர் நீங்கள். இங்கே புதிதாக என்ன எதிர்பார்ப்பார்கள், விளம்பரத்தில் சர்வர் முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள்.

வேலை அதேதான். பயனர் கணக்குகள், அனுமதிகள், பேட்ச் (மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்), பேக்கப் (தரவின் மாற்று நகல்), கண்காணிப்பு, நள்ளிரவில் நிரம்பி வழியும் டிஸ்க், யாரும் கவனிக்காமல் காலாவதியாகும் சான்றிதழ். சிறிய நிறுவனமென்றால் பிரிண்டரும் உங்கள் தலையில்தான் விழும். லினக்ஸும் விண்டோஸும் நாடு பார்த்து நடந்துகொள்வதில்லை. ஆனால் ஊரில் உங்களைப் பல வருடங்களாக அறிந்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். ‘அவரிடம் சொன்னால் பார்த்துக்கொள்வார்’ என்ற நம்பிக்கை பழக்கத்தில் வந்தது. இங்கே உங்களை ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒருவர் கையில் நிறுவனத்தின் அத்தனை தகவல்களையும் திறக்கும் உரிமையைக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் எழுத்தில்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு சர்வரைத் தொடுவதற்கு முன்பு டிக்கெட்டில், அதாவது வேலைப் பதிவில், எழுதுங்கள்: எந்த சர்வர், என்ன மாற்றம், எப்போது, யாருக்குப் பாதிப்பு, சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி. கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் அன்று தொடாதீர்கள். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் திரும்பிவிடுவது என்பதையும் முன்பே குறித்துவையுங்கள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ‘இன்னும் பத்தே நிமிடம்’ என்று மனது இழுக்கும். முன்பே எழுதிவைத்த நேரம்தான் நிறுத்தச் சொல்லும். உச்சரிப்பு புரியாமல் தொலைபேசியில் தடுமாறும் முதல் மாதங்களில் இந்தக் குறிப்புகள் உங்களுக்காகப் பேசும். பேச்சு முடிந்ததும், ‘நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது பேக்கப். இதில் நான் பிடிவாதக்காரன். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் குறியீட்டைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை அவசியம் தேடிப் படியுங்கள். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை (ஃபோல்டரை) அழித்துவிட்டார். வழக்கமாக எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் எடுபடவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்துசேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அவர்கள் எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை நேரலையிலேயே காட்டினார்கள் என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, ‘கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம்?’ என்று கேளுங்கள். ‘பேக்கப் ஓடுகிறது’ என்பது அதற்குப் பதில் அல்ல. ஏதாவது ஒரு கோப்பை, பிறகு ஒரு முழுத் தரவுத்தளத்தை, தனிச் சர்வரில் மீட்டுத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள். மேலாளர் ஒருநாள் ‘எத்தனை மணி நேரத்தில் எழுந்து நிற்போம்?’ என்று கேட்கும்போது அந்தக் குறிப்பைக் காட்டலாம்.

பேட்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகை உலுக்கியது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. முதலில் சோதனைச் சர்வர், பிறகு மற்றவை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடினமானது. ஒரு மேலாளர் உங்கள் மேசைக்கு வந்து, ‘அந்த ஊழியரின் மின்னஞ்சலைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்’ என்பார். பெரியவர் கேட்கிறாரே என்று திறந்துவிடாதீர்கள். உங்களால் திறக்க முடியும் என்பதற்காகத் திறக்க உங்களுக்கு உரிமை வந்துவிடாது. மனிதவளத் துறை வழியாக எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பணிவாக, ஆனால் தயங்காமல். முறையான காரணம் உள்ளவர் எழுதி அனுப்பிவிடுவார். அதேபோல, வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அவர் போகும் நாளிலேயே முடக்குங்கள். அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கையெழுத்திடும் முன்பு ஆன்-கால் விவரத்தைக் கேட்டுவிடுங்கள்: இரவு அழைப்பு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், அதற்குத் தனி ஊதியமா ஈட்டு விடுப்பா, எவ்வளவு நேரத்தில் பதில் தர வேண்டும், உங்களால் முடியாதபோது அடுத்து யாரை அழைப்பது. புதியவர் என்பதால் கேட்கக் கூசுவீர்கள். கேட்பதில் தவறே இல்லை. பதிலையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.