வாசகர் கேள்வி – பதில்: விலை உயர்ந்த கிட்டார் கேபிள் வாங்கலாமா?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கேபிள் அடிக்கடி பழுதாகிறது. கடையில் ஒரு கேபிளைக் காட்டி, ஆக்சிஜன் நீக்கிய செம்பு, தங்க முலாம் பூசிய பிளக், ஆயுள் முழுக்க வாரண்டி என்கிறார்கள். விலை மற்ற கேபிள்களைப் போல ஐந்து மடங்கு. ஒலி உண்மையிலேயே மாறுமா? வாரண்டியை நம்பி வாங்கலாமா?

பதில்: கேபிளை மாற்றினால் ஒலி மாறும். ஆனால் அந்த மாற்றத்துக்கும் நீங்கள் கேள்விப்பட்ட செம்புக்கும் தங்கத்துக்கும் தொடர்பில்லை. கேபிளின் நீளமும் அதன் மின்தேக்குத் திறனும்தான் காரணம். மேடை ஒலியமைப்பும் கருவிப் பழுதுபார்ப்பும் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். சற்று விரிவாகவே சொல்கிறேன். காசு உங்களுடையது, விவரம் தெரிந்து செலவழிப்பது நல்லது.

தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் கிட்டார் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவே பருமனுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். அதன் தூண்டல் திறன் பெரும்பாலும் 2 முதல் 5 ஹென்றிக்குள் இருக்கும். கேபிளில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் காப்பு, அதற்கு மேல் செம்பு உறை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே காப்புப் பொருள் வந்துவிட்டால் அது ஒரு மின்தேக்கி. கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்பது வழக்கமான அளவு. கேபிளுக்குக் கேபிள் இது கூடும், குறையும்.

சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த இடத்தில் ஒலி சற்று எழும்பி நிற்கும். அதற்கு மேலுள்ள கீச்சு ஒலிகள் வேகமாகச் சரியும். 2.5 ஹென்றி பிக்கப்போடு 6 மீட்டர் கேபிளைச் சேர்த்தால், பிக்கப்பின் சொந்த மின்தேக்கத்தையும் கணக்கிட்டு, அந்த எழுச்சி ஏறக்குறைய 3,800 ஹெர்ட்ஸில் வரும். 3 மீட்டர் கேபிளானால் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். இந்த வித்தியாசம் பழகாத காதுக்கும் கேட்கும். குட்டைக் கேபிளில் பிளெக்ட்ரம் தந்தியை உரசும் நுண்ணொலிகூடத் தெளிவாக வரும். நீளமான கேபிளில் அதே வாசிப்பு மென்மையாகி, கொஞ்சம் தடிப்பாக ஒலிக்கும். கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்து வைத்து வாசிக்கும்போது இந்த இழப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

மென்மையானால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் பயன்படுத்தியது தொலைபேசிக் கம்பிபோலச் சுருண்ட கேபிள். நீட்டினால் பல மீட்டர் வரும் அந்தக் கேபிளின் மின்தேக்கம் அதிகம். கூர்மையை அது மழுக்கியே தந்தது. இன்றைக்கும் சில வயர்லெஸ் கருவிகளில் கேபிளின் அந்த மழுங்கலைச் செயற்கையாகச் சேர்க்கும் வசதியை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஆகவே, மின்தேக்கம் குறைந்த கேபிள் என்று கூடுதல் விலை கேட்டால், உங்கள் கிட்டார் ஏற்கெனவே காதைக் குத்துகிறதா, மந்தமாக இருக்கிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டார் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். பஃபர் (கேபிளின் மின்தேக்கம் பிக்கப்பைப் பாதிக்காமல் பிரித்து வைக்கும் மின்சுற்று) உள்ள பெடலை வரிசையில் முதலாவதாக வைத்திருப்பவர்களுக்கு, கிட்டாரிலிருந்து அந்தப் பெடல் வரையிலான கேபிள் மட்டும்தான் கணக்கு. அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் ஓடினாலும் காது கண்டுபிடிக்காது.

இப்போது செம்புக்கு வருவோம். 6 மீட்டர் கேபிளின் நடுக்கம்பிக்கு மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். பிக்கப்பின் மின்தடையோ 6,000, 8,000 ஓம். கேபிள் போய்ச் சேரும் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயில் பெரும்பாலும் 10 லட்சம் ஓம். ஆக்சிஜனை நீக்கியதால் அந்த ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு முன்னால் அதற்கு என்ன மதிப்பு?

தங்கம் துருப்பிடிக்காது, களிம்பேறாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கிட்டாரில் இருக்கும் ஜாக் பெரும்பாலும் நிக்கல் பூசியது. தங்கம் மென்மையான உலோகம். செருகிச் செருகி எடுக்க, மெல்லிய முலாம் தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரியத் தொடங்கும். தினமும் செருகி எடுக்கும் பிளக்குக்கு நிக்கல் போதும் என்பது என் உறுதியான கருத்து. கேபிள் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. கிட்டாரின் சமிக்ஞை மாறுதிசை மின்னோட்டம்; அதற்கு முன், பின் கிடையாது. உறையை ஒரு முனையில் மட்டும் இணைத்த கேபிள்களில் மட்டுமே அந்தக் குறிக்கு அர்த்தம் உண்டு.

அப்படியானால் எதற்குத்தான் கூடுதல் காசு தரலாம்? இரண்டு விஷயங்களுக்குத் தாராளமாகத் தரலாம். ஒன்று, செம்பு உறையின் அடர்த்தியும், அதற்கும் காப்புக்கும் நடுவே இருக்கும் மின்கடத்தும் கருப்பு பிளாஸ்டிக் அடுக்கும். இந்த அடுக்கு இல்லாத கேபிளை மிதித்தாலோ தரையில் இழுத்தாலோ, உராய்வில் பிறக்கும் மின்னூட்டம் ஸ்பீக்கரில் ‘தொப்’ என்று கேட்கும். கடையிலேயே சோதித்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரில் ஒலியை நன்றாக ஏற்றி, கிட்டாரின் தந்திகளைக் கையால் அழுத்திக்கொண்டு, கேபிளை மட்டும் தரையில் தட்டிப் பாருங்கள். அமைதியாக இருக்கும் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிளக்கும் அதற்குள் நடந்திருக்கும் வேலையும். இதைத்தான் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பழுது என்று என்னிடம் வரும் கேபிள்களில் பெரும்பாலானவை நடுவில் அறுந்தவை அல்ல; பிளக்கிலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள்தான் போயிருக்கும். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவர் துணிப்பின்னல் போர்த்திய, கட்டை விரல் பருமனுள்ள கேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். தங்க நிற பிளக்கின் மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே சாலிடர் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டி, உலோகத்தோடு ஒட்டாமல் மேலே உட்கார்ந்திருந்தது. கேபிளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உலோகப் பற்களோ வெளி உறையைத் தொடவே இல்லை. துணிப்பின்னலை மட்டும் கவ்வியிருந்தன. கேபிளை இழுக்கும்போதெல்லாம் அந்த இழுவை முழுவதையும் சாலிடர் துளிதான் தாங்கியிருக்கிறது. லேசாக இழுத்தேன், கம்பி கையோடு வந்துவிட்டது.

அதே நாளில் இசைக்குழு ஒன்றின் பெட்டியிலிருந்து வந்த சாதாரணக் கருப்புக் கேபிளையும் திறந்தேன். ஆண்டுக்கணக்காக மேடைகளில் மிதிபட்டது. சாலிடர் பளபளப்பாக, வழவழப்பாக இருந்தது. பற்கள் ரப்பர் உறையை இறுகக் கவ்வியிருந்தன. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் துடைத்து வைப்பது மட்டும்தான்.

நியூட்ரிக், ஸ்விட்ச்கிராஃப்ட் போன்ற நிறுவனங்களின் பிளக்குகளைத் திருகித் திறக்க முடியும். கேபிளைப் பிடிக்கும் அமைப்பும் உறுதியானது. திறக்க முடியாதபடி பிளாஸ்டிக் வார்த்த பிளக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே ஓர் இழை விட்டுப்போனால் முழுக் கேபிளும் குப்பைக்குத்தான் போகும். நல்ல பிளக், நல்ல உறை, நேர்த்தியான சாலிடர் உள்ள கேபிள் நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. ஐந்து மடங்கு தர வேண்டியதில்லை.

கடைசியாக வாரண்டி. ‘ஆயுள் முழுக்க’ என்பதை வாங்குமுன் எழுத்தில் படித்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தரும்; கைமாறிய கேபிளுக்குக் கிடையாது. தயாரிப்புக் குறைக்குத்தான் மாற்று. நசுங்கியது, வெட்டுப்பட்டது, இழுபட்டது எல்லாம் பயன்படுத்தியவரின் தவறு என்று தள்ளிவிட வழி இருக்கும். பிளக்கைத் திறந்து நீங்களே சாலிடர் வைத்தால் வாரண்டி போய்விடும் என்பதும் வழக்கமான நிபந்தனைதான். அனுப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில். நான் ஒலியமைக்கும் குழுவிலிருந்த கிட்டார் கலைஞர் ஒருவர் தம் கேபிளை மாற்றக் கேட்டபோது, நிறுவனம் மூல ரசீதைக் கேட்டது. ரசீதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அது வெப்பத்தாளில் அச்சான ரசீது. எழுத்துகள் மங்கி வெறும் தாளாகிவிட்டிருந்தது. மனிதர் மனம் நொந்துபோனார். வாரண்டியோடு வாங்குகிறவர்கள் அன்றைக்கே ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் வாரண்டியே வீண் என்று பொருளில்லை. கேள்வி கேட்காமல் கடையிலேயே உடனே வேறு கேபிள் மாற்றித் தருகிறார்கள், நீங்களும் வாரத்துக்குப் பல மேடைகள் ஏறுகிறீர்கள் என்றால், கொஞ்சம் கூடுதல் விலை தருவதில் நியாயம் உண்டு. வீட்டில் வாசிப்பவருக்கு அந்தக் காசு திரும்பாது. எப்படியிருந்தாலும், இரண்டாவது பாடலின் நடுவில் கேபிள் மௌனமாகிவிட்டால் எந்த வாரண்டியும் அந்த நிமிடத்தில் கைகொடுக்காது. ஒரு விலை உயர்ந்த கேபிளுக்குப் பதில் இரண்டு நடுத்தரக் கேபிள்களை வாங்கி, இரண்டையும் மேடைக்குக் கொண்டுபோங்கள் என்பதே உங்களுக்கு என் யோசனை.

கேள்வி: பிளக் அருகே அசைத்தால் கரகரவென்று சத்தம் வருகிறது. நானே சரிசெய்ய முடியுமா? சாலிடர் வைத்த பழக்கம் கொஞ்சம் உண்டு.

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் குற்றவாளி கேபிள்தானா என்று பாருங்கள். வேறொரு நல்ல கேபிளைச் செருகியும் அதே சத்தம் வந்தால், கிட்டாரின் ஜாக்கில் மரை தளர்ந்திருக்கும், அல்லது உள்ளேயுள்ள வில் தகடு பிளக்கை அழுத்தாமல் விலகியிருக்கும். அதை லேசாக உள்பக்கம் வளைத்தாலே போதும்.

கேபிள்தான் என்று தெரிந்தால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வையுங்கள். ஒரு பிளக்கின் நுனியிலிருந்து மறு பிளக்கின் நுனிக்கும், உடலிலிருந்து உடலுக்கும் ஒலிக்க வேண்டும். நுனிக்கும் உடலுக்கும் இடையே ஒலிக்கவே கூடாது. முள்ளை வைத்தபடியே பிளக் அருகே கேபிளை அசைத்தால் எந்த முனை பழுது என்று தெரிந்துவிடும். அந்த முனையில் இரண்டு அங்குலம் வெட்டி எறியுங்கள், தயங்க வேண்டாம். பிளக்கின் மூடியை முதலில் கேபிளில் கோத்துவிட்டுப் பிறகு சாலிடர் வையுங்கள்.

இன்னொன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். உள் காப்பின் மேல் ஒட்டியிருக்கும் கருப்பு அடுக்கு மின்சாரத்தைக் கடத்தும். அதைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு உரித்துவிடுங்கள். நடுக்கம்பியை அது தொட்டுக்கொண்டிருந்தால் சமிக்ஞை உறைக்குக் கசியும்; ஒலி மெலிந்து மந்தமாகிவிடும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது. சூட்டைக் காப்பில் காட்டாமல் உலோகத்தில் காட்டி, சாலிடர் ஓடிப் பரவியதும் சாலிடரிங் கருவியின் முனையை உடனே எடுத்துவிடுங்கள். நேரம் கடந்தால் காப்பு உருகி, நடுக்கம்பியும் உறையும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வீட்டில் ஸ்பீக்கர் கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டு முனையிலும் அதே 6.35 மில்லிமீட்டர் பிளக்தான். கிட்டாருக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பிளக் ஒன்றாக இருந்தாலும் ஸ்பீக்கர் கேபிளில் உறை கிடையாது, இரண்டு தடித்த கம்பிகள் மட்டுமே. கிட்டாருக்கு மாட்டினால் சுற்றியுள்ள மின்சாரத்தின் ரீங்காரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு வரும். இதைத் தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே கிட்டார் கேபிளை மாட்டினால், அதன் மெல்லிய நடுக்கம்பி சூடாகும். வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்து கம்பி அறுந்துபோனால், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரே பழுதாகலாம். இரண்டு வகைக் கேபிள்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் டேப் சுற்றி வையுங்கள். இருட்டான மேடையில் அவசரத்தில் கை வைக்கும்போது மாறிப்போகாது.