ஓட்டோ டிக்ஸின் முகமூடி வீரர்கள்: கேள்வி பதில்

இன்றைய படம், ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் முதல் உலகப் போரைப் பற்றி 1924இல் வெளியிட்ட 'போர்' தொகுப்பின் 50 எட்சிங்குகளில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப் படங்கள்) ஒன்று. விஷவாயுவுக்குள் ஐந்து ஜெர்மன் வீரர்கள் முன்னேறி வருகிறார்கள். உயரம் சுமார் 19 செ.மீ., அகலம் 29 செ.மீ.

கே: சின்னப் படம்தான், ஆனால் ராத்திரி தூக்கம் போய்விட்டது. அப்படி என்ன செய்திருக்கிறார்?

ப: முதலில், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வீரர்கள் உங்களை நோக்கி வருகிறார்கள், ஒருவன் கையெறி குண்டை ஓங்கிவிட்டான். அதாவது உங்களை எதிரியின் பதுங்குகுழியில் இறக்கிவிட்டார் டிக்ஸ். அப்புறம் அந்தச் சாம்பல் மூட்டம். அது அக்வாடின்ட் வேலை. உலோகத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவார்கள். பொடிகளின் இடுக்கில் அமிலம் அரிக்கும். அரித்த இடத்தில் மை தங்கும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசிக் காப்பாற்றுவார்கள். முகமூடிகள் வெளுத்துக் கிடக்கின்றன அல்லவா? படத்திலேயே மிரட்டுகிற இடம், அமிலம் அதிகம் தொடாத இடம்.

கே: முகமூடி நவீன மனிதனின் அந்நியமாதலைக் குறிக்கிறதா?

ப: அது வாயு முகமூடி. எப்போதும் சொல்வதுதான்: முதலில் பொருளைப் பாருங்கள், குறியீட்டுக்கு அப்புறம் போகலாம்.

கே: வரைந்தவருக்கு மனநிலை சரியில்லையோ?

ப: முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி வீரராக பிரான்ஸின் சோம் போர்முனையில் இருந்தவர். கண்டதை வரைந்தார்.

கே: போரை எதிர்க்கும் படம்தானே?

ப: அவ்வளவு சுலபமில்லை. தானாக முன்வந்து படையில் சேர்ந்தவர் டிக்ஸ். இந்தப் படம் கண்டிக்கவில்லை, காட்டுகிறது.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே 1924இல் இந்தத் தொகுப்பின் 24 படங்களோடு வந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் போர் எதிர்ப்பாளரான பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி பார்பூஸ். 1933இல் நாஜிகள் டிக்ஸின் டிரெஸ்டன் கலை அகாதமி வேலையையும் பறித்தார்கள்.

ப: பார்பூஸ் விஷயம் நல்ல அடி. படம் வெளிவந்தபோதே அப்படி வாசித்தார்கள், சரி. ஆனால் நாஜிகள் பயந்தது ஓவியரின் நோக்கத்துக்குச் சாட்சி ஆகாது. முகமூடிக்குள் இருப்பவர்கள் அவருடைய சொந்தப் படையினர். அவர்களையே பேய்களாக வரைந்திருக்கிறார். பரிதாபமா, வெறுப்பா, கர்வமா? எனக்கு மூன்றும் தெரிகிறது.

கே: உணர்ச்சிக்காக உருவத்தைத் திரித்து வரையும் எக்ஸ்பிரஷனிசம்தானே?

ப: பாதி. 1925இல் மான்ஹைம் கண்காட்சிக்குப் பிறகு அவரைப் 'புதிய புறவயம்' பக்கம் வைக்கிறார்கள், அதாவது உள்ளதை உணர்ச்சி கலக்காமல் காட்டும் பாணி.

கே: இப்படி வரைபவர் மனநோயாளியாக...

ப: மேலே பாருங்கள்.

கே: வீட்டில் இதன் பிரதி இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: விலைக்கு நான் ஆள் இல்லை. தொகுப்பு அச்சானதே 70 பிரதிகள். உங்களுடையது தகட்டிலிருந்து அச்சானதா என்று அறிய, தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் தடவாதீர்கள்.