பட்டை சேர்த்தால் பாரம் ஏறுமா? பிக்கப் வண்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "வண்டிக்கு இன்னும் என்ன மாட்டலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். காலி வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தீர்களா? ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் என்ன மாட்டினாலும் அது மாறாது. மாட்டுகிற ஒவ்வொரு கிலோவும் உங்கள் சரக்கிலிருந்துதான் கழியும். போன முறையும் இதைச் சொன்னேன், இனியும் சொல்வேன்.

பொலிரோ பிக்கப், 1.5 டன். தரை முழுக்க 3 மி.மீ. செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்கப் புடைப்பு வரிகள் உள்ள இரும்புத் தகடு) அடிக்கச் சொல்கிறார் பாடி கட்டுபவர். அடிக்கலாமா? (கரூர்)

என்ன சரக்கு ஏற்றுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! அது தெரியாமல் தரைக்கு எப்படிப் பதில் சொல்வது? சரி, கணக்கை மட்டும் சொல்கிறேன். 9 அடிக்கு 5.5 அடி தொட்டி (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி) என்றால் சுமார் 50 சதுர அடி. அதற்கு 3 மி.மீ. இரும்புத் தகடு 110 கிலோவுக்கு மேல் வரும். கூடவே சைடு கதவை உயர்த்த ஆங்கிள், கேபின் பின்னால் கம்பித் தடுப்பு, மேலே கேரியர் என்று போனால் 250 கிலோ சாதாரணமாகப் போய்விடும். 1.5 டன் வண்டி 1.25 டன் வண்டியாகிவிட்டது, அதற்குக் காசும் நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

இரும்புக் கம்பி, மோட்டார், மெஷின் ஏற்றுபவர் என்றால் செக்கர் பிளேட் அடியுங்கள், தேவைதான். துணிப் பொதி, காய்கறி, கோழித் தீவனம் என்றால் 2 மி.மீ. அலுமினியத் தகடு போதும், 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டும் போடலாம், எடை அதைவிடக் கொஞ்சம் கூடும், ஆனால் ஓரங்களுக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் இரண்டு மழையில் உப்பிவிடும்.

பின் கதவைத் திறந்தால் தடாலென்று விழுகிறது. வழி உண்டா? (திண்டிவனம்)

கேஸ் டாம்பர் (கதவை மெதுவாக இறக்கும், வாயு அடைத்த தண்டு) ஒன்று போடுங்கள். அரை மணி நேர வேலை. கதவில் ஏற்கெனவே இருக்கும் துளையில் மாட்டுகிற மாதிரி வாங்குங்கள், புதிதாகத் துளை போட வேண்டாம்.

இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். கேபினுக்குப் பின்னால் ஸ்டெயின்லெஸ் ரோல் பார் (வளைந்த குழாய்) போட்டால் வண்டி உருண்டாலும் பாதுகாப்பு என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (சேலம்)

இல்லை. கடைகளில் விற்கும் பெரும்பாலான வளையங்கள் தொட்டியின் மெல்லிய பக்கத் தகட்டில் நாலைந்து போல்ட்டில் நிற்பவை. வண்டி உருண்டால் அந்தத் தகடே கிழிந்துவிடும். அழகுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதில் கயிறு கட்டிச் சரக்கை இழுக்காதீர்கள். பைக் ஏற்றுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கட்டுவதற்குத் தொட்டிக்குள்ளேயே கொக்கிகள் கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் கட்டுங்கள்.

தக்காளி ஏற்றுகிறேன். 1.5 டன் வண்டியில் சீசனில் 2.5 டன் வரை போகும். பின்னால் கமான் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) இறங்கிவிட்டது. இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தால் தாங்கும் என்கிறார் பட்டறைக்காரர். எந்தக் கனத்தில் பட்டை போடலாம்? (ஒட்டன்சத்திரம்)

ஐயா, எந்தக் கனத்திலும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள், யாராவது போட்டும் விடுகிறார்கள்.

பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வண்டி பாரத்தைத் தாங்குகிற மாதிரி தெரியும். ஆனால் ஆக்சில் பழைய ஆக்சில்தான், பேரிங் பழைய பேரிங்தான். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற தாங்குதிறனும் பட்டை சேர்த்ததால் ஒரு கிலோகூட ஏறவில்லை. பிரேக் டிரம்மும் அதே அளவுதான். முன்பு கமான் இறங்கி "போதும், நிறுத்து" என்று காட்டிக்கொடுத்தது. இப்போது அந்த ஒரு அடையாளத்தையும் மறைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பாதிப் பட்டறைகளில் அதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நிறைய பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும், மேல் முனையில் ஒரு வால்வு இருக்கும். வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அந்த வால்வு ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. காலி வண்டியில் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் குறைத்து, பாரம் ஏறிச் சேசிஸ் தாழத் தாழக் கூட்டிக்கொடுப்பது அதன் வேலை. இரண்டு பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், 2.5 டன் தக்காளி மேலே இருக்கும்போதும் வால்வு வண்டியைக் காலி என்றே நினைக்கும். பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். முழு வேலையும் முன் சக்கரத்தின் தலையில் விழும். முன் பேட் சீக்கிரம் தேய்கிறது, மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பெடல் மெத்தென்று போகிறது என்று எழுதுகிறவர்கள் முதலில் பின்னால் எத்தனை பட்டை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கம்பியையே கழற்றிவிட்டோ வளைத்துவிட்டோ "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி மழையில் காலியாக வரும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சுழன்றுவிடும். தயவுசெய்து யாரையும் அந்தக் கம்பியைத் தொட விடாதீர்கள்.

அபராதக் கணக்கும் போட்டுப் பாருங்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நீங்கள் சொல்கிற ஒரு டன் அதிகத்துக்கு 22,000 ஆகிறது, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். 14 கிலோ பெட்டி என்று வைத்தால் அந்த ஒரு டன் எழுபது பெட்டிதான். எழுபது பெட்டி வாடகை 22,000 வருமா?

செய்ய வேண்டியது என்ன? வண்டியைக் காலியாக, சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பின் சக்கர வளைவின் உயரத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஓர் இன்ச்சுக்கு மேல் தாழ்ந்திருந்தாலோ, பட்டையில் விரிசல் தெரிந்தாலோ, அதே கம்பெனி அளவில் கமான் அடுக்கையே முழுதாக மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. கமானை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டையும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்குங்கள், இதை யாரும் செய்வதில்லை. தக்காளி சீசனுக்கு 2.5 டன் கட்டாயம் என்றால் அதற்குரிய பெரிய வண்டி எடுங்கள், இல்லையென்றால் இரண்டு நடை போங்கள்.

கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மழைத்தண்ணீரும் தூசியும் போகிறது. தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாமா? (ஓசூர்)

கூடவே கூடாது. நல்ல வேளை, அடிப்பதற்கு முன்பே கேட்டீர்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. பிக்கப்பில் கேபின் தனி, தொட்டி தனி, இரண்டும் ஒரே சேசிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கப் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் லேசாக முறுக்கிக்கொடுக்கும். அப்போது தொட்டி ஒரு பக்கம் சாயும், கேபின் இன்னொரு பக்கம் சாயும். கரடுமுரடான பாதையில் மெதுவாகப் போகும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் மாறுவது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் வெல்டிங் வைத்துக் கட்டிப்போட்டால் முதலில் வெல்டிங் விடும், அடுத்து கேபின் பின் சுவரில் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். தூசிதான் தொந்தரவு என்றால் ரப்பர் பட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, மறுபக்கம் சும்மா உரசுகிற மாதிரி விடுங்கள்.

வெல்டிங் என்று எழுதியதால் எல்லோருக்கும் சேர்த்து, வழக்கம் போல: வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். பிஎஸ்6 வண்டியில் ஈ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போனால் ஆயிரக்கணக்கில் செலவு. சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் துளையும் போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள்.

மீன் ஏற்றுகிறேன். தொட்டி அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் லைனர் போட்டால் காப்பாற்றுமா? (தூத்துக்குடி)

உங்கள் தொழிலுக்குப் பிளாஸ்டிக் லைனர் சரிவராது. அது தொட்டி வடிவில் வார்த்து, உள்ளே தனியாக இறக்கி வைக்கும் உறை. உப்புத்தண்ணீர் அதன் அடியில் போய்த் தங்கும், காயவே காயாது. மேலே பளபளவென்று இருக்கும், ஒரு நாள் தூக்கிப் பார்த்தால் அடியில் தகடே இருக்காது. அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, துருவை முழுக்கச் சுரண்டி, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பாலியூரியா (ரப்பர் மாதிரி இறுகும் பூச்சு) ஸ்ப்ரே கோட்டிங் கொடுங்கள். தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அடியில் தண்ணீர் போக வழியில்லை. துரு மேலேயே அடித்துவிட்டால் காசு வீண்.

ஐஸ் பெட்டியின் வடிகுழாயை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அது நேராகச் சேசிஸ் மேலும் பிரேக் குழாய் மேலும் சொட்டிக்கொண்டிருக்கும். வடிகிற தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, போய்ச் சேர்ந்ததும் ஊற்றுங்கள். ஒவ்வொரு நடைக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள். மேலே மட்டும் கழுவுகிறவர்கள்தான் அதிகம்.

கம்பம்–குமுளி பாதையில் இரவில் போகிறேன். பனிமூட்டம். கேபின் மேலே எல்.ஈ.டி. பார் போடலாமா? (கம்பம்)

பனிமூட்டத்தில் உயரத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் அடித்தால் அது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். எதிரே ஏறி வருபவருக்கும் கண் கூசும். ஸ்பாட் லைட்டுக்கு விதியிலும் இடமில்லை. பம்பருக்குக் கீழே, தாழ்வாக, மஞ்சள் ஃபாக் லைட் இரண்டு போடுங்கள். 55 வாட் இரண்டு என்றால் 9 ஆம்பியர் வரும். ரிலே வைத்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். ஹெட்லைட் வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஹெட்லைட்டில் 100/90 பல்பு போடலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். 60/55 வாட்டுக்குச் செய்த ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் மங்கும். வேண்டாம்.

வி-கிராஸுக்கு 255/60 ஆர்18 டயர். 285/60 போட்டால் கம்பீரமாக இருக்கும். ஏதாவது பிரச்சினை வருமா? கூடவே ஸ்பேசரும் (சக்கரத்துக்கு உள்பக்கம் வைக்கும் தடித்த வளையம்) போட நினைக்கிறேன். (கோவை)

தம்பி, கணக்குப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ., புதியது 799. தரை இடைவெளி உங்களுக்குக் கூடுவது 18 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும். டயர் ஒவ்வொன்றும் கனம் கூடும், இழுவை குறையும், மைலேஜ் குறையும், முழு ஸ்டியரிங் ஒடித்தால் உள்ளே உரசும். அந்த உரசலைத் தவிர்க்கத்தான் ஸ்பேசர் போடச் சொல்லியிருப்பார்கள். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளி, பேரிங்கின் மேல் வேலையைக் கூட்டும். அதை மட்டும் போடவே போடாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவை மீறி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கரடுமுரடுப் பாதைதான் உங்கள் தேவை என்றால் இதே அளவில் ஆல்-டெரெய்ன் டயர் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான டயர்) போடுங்கள். நிஜமான வித்தியாசம் அதில்தான் தெரியும்.

முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் வைக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு) போடலாமா? மாடு குறுக்கே வருகிறது. (புதுக்கோட்டை)

வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி நசுங்காமல், அடி நேராகச் சேசிஸுக்குப் போகும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறலாம். குறுக்கே வருவது மாடாக இல்லாமல் ஆளாக இருந்தால் அந்தக் கம்பியில் அவர் பிழைப்பது கஷ்டம். இரவில் வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்நார்கெல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) போட்டால் வெள்ளத்தில் போகலாமா? (சென்னை, வேளச்சேரி)

இன்ஜினுக்குள் தண்ணீர் போவதை மட்டும் அது தடுக்கும், அதுவும் இணைப்புகள் எல்லாம் சரியாக சீல் ஆகியிருந்தால். ஆக்சில், கியர் பாக்ஸ் மூச்சுக் குழாய், வயரிங், சீட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பழைய உயரத்தில்தான் இருக்கின்றன. கம்பெனி சொன்ன ஆழத்துக்கு மேல் இறங்காதீர்கள்.

ஆட்டுக்கு இரண்டு தட்டு பாடி? (எட்டயபுரம்)

மேல் தட்டில் ஏறும் ஆடுகள் வளைவில் எல்லாம் ஒரே பக்கம் சாயும், வண்டியும் கூடவே சாயும். ஒரே தட்டு போதும். நீளத்தை நாலு அறையாகத் தடுத்துவிடுங்கள், தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். பாயை வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவாவிட்டால் மீன் வண்டிக்கு ஆன கதிதான்.

கேமரா, செட், ஃபாக் லைட் என்று 40,000 ரூபாய்க்கு மாட்டியிருக்கிறேன். விபத்தில் போனால் இன்சூரன்ஸ் தருமா? (ஈரோடு)

பாலிசியில் எழுதியிருந்தால்தான். எலக்ட்ரிகல் பொருட்களுக்கு மதிப்பில் நூற்றுக்கு 4 ரூபாய் அளவில் கூடுதல் பிரீமியம் வரும், உங்களுக்கு 1,600 சொச்சம். பில்லைப் பத்திரமாக வைத்து, புதுப்பிக்கும்போது சேர்த்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் கேட்டுப் பயனில்லை.

ஏர் ஹார்ன்? (பெயர், ஊர் இல்லை)

கூடாது.