பாரிஸிலிருந்து நான்கு நாள் கிராவல் பயணமா? மொர்வானுக்குப் போங்கள்

கேள்வி: பாரிஸில் வேலை செய்கிறேன். புதிதாக கிராவல் பைக் (சரளை, மண் பாதைகளிலும் ஓடும் சைக்கிள்) வாங்கியிருக்கிறேன். கார் இல்லை. நான்கு நாள் விடுமுறையில் பிரெஞ்சுக் கிராமப்புறமும் காடும் கலந்த பாதையில் ஓட்ட எங்கே போகலாம்?

மொர்வான். தயங்காமல் சொல்வேன். பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் நடுவே எழும் கருங்கல் மேட்டு நிலம் அது. 1970 முதல் வட்டார இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. மிக உயர்ந்த இடமான ஓ-ஃபோலான் 901 மீட்டர்தான். ஆல்ப்ஸைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் சமதளம் என்பதே அங்கே அரிது. ஏறி முடித்தால் இறக்கம், இறங்கி முடித்தால் ஓடை, ஓடையைத் தாண்டினால் மறுபடி ஏற்றம்.

பாதை தேடும்போது எல்லோரும் படத்தைப் பார்க்கிறார்கள், தூரத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மண்ணை. மொர்வானின் கருங்கல் சிதைந்து பருமணலாகிறது. மழை நீர் அதற்குள் இறங்கிப் போய்விடுகிறது. இரவெல்லாம் பெய்தாலும் மறுநாள் மதியத்துக்குள் காட்டுப் பாதை சக்கரத்தைத் தாங்கும். மேட்டிலிருந்து மேற்கே இறங்கினால் பசோவா, கிழக்கே இறங்கினால் ஓக்ஸுவா; இரண்டிலும் களிமண். அதே மழை அங்கே பெய்தால் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரியான புள்ளிக் கோடுகள்தான். ஆகவே எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் நிலவியல் வரைபடத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். பிரான்சுக்கு முழுவதுமாக அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபோன்தேன்புளோ காடு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், அழகானது, ஆனால் மணல் டயரைப் பிடித்து இழுக்கும். ஒரு நாளுக்குப் போதும். ஷம்பாஞ் திராட்சைத் தோட்டங்களின் வெள்ளைச் சுண்ணப் பாதை வெயிலில் அருமை, நனைந்தால் சோப்பு. பிரெத்தாஞ் பகுதியின் பண்ணைப் பாதைகளை அங்குள்ளவர்கள் ரிபின் என்பார்கள். 'த்ரோ ப்ரோ லியோன்' சைக்கிள் பந்தயம் 1984 முதல் அவற்றில்தான் நடக்கிறது. அதற்குத் தனிப் பயணமே வேண்டும்.

மொர்வானில் இவ்வளவு காட்டுப் பாதைகள் இருப்பதற்கு விறகே காரணம். பாரிஸின் அடுப்புகள் பல நூற்றாண்டுகள் இந்தக் காட்டு விறகில்தான் எரிந்தன. குளிர்காலத்தில் வெட்டுவார்கள், ஒவ்வொரு துண்டிலும் வியாபாரியின் முத்திரையைச் சுத்தியலால் பதிப்பார்கள், ஓடைக் கரையில் அடுக்குவார்கள். குளங்களில் தேக்கிய நீரை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் விறகெல்லாம் மிதந்து யோன் ஆற்றில் சேரும். கிளாம்சி ஊரில் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, நீண்ட தெப்பங்களாகக் கட்டி, யோனிலும் பிறகு செய்னிலுமாக பாரிஸுக்கு ஓட்டிப் போவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்த முறையை நிறுவியவராகச் சொல்லப்படும் ழான் ரூவேக்கு கிளாம்சியில் சிலை இருக்கிறது. நான் பரிந்துரைக்கும் பாதை ஏறத்தாழ அந்த விறகின் வழிதான்: காட்டுக்குள் ஏறி, யோனின் ஊற்றைத் தொட்டு, அதே தண்ணீருடன் கிளாம்சிக்கு இறங்குவது.

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஆவலோனுக்கு டிக்கெட் எடுங்கள். வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம். சில சேவைகளில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும், பஸ்ஸில் சைக்கிளுக்கு இடம் இருக்காது. கால அட்டவணையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக் கடல் வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் மலை சைக்கிள் பாதை ஆவலோனில்தான் தொடங்குகிறது. முக்கோணமும் இரண்டு வட்டங்களும் கொண்ட பலகை அதன் அடையாளம். சிற்சில இடங்களில் மட்டும் அதைப் பின்பற்றுங்கள். கிராவல் பைக்குக்கு அதில் பாறைகள் அதிகம்.

முதல் நாள் கூசான் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் காரே-லே-தோம்ப். தேவாலயத்தைச் சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கல் சவப்பேழைகள் கிடக்கும் ஊர் அது. அங்கிருந்து தெற்கே போகப் போக மரங்கள் நெருங்கிவிடும். வழியில் தன்-லே-பிளாஸ் வரும். 1944 ஜூன் 26 முதல் 28 வரை ஜெர்மன் படை இந்தச் சிற்றூரின் ஆண்கள் 27 பேரைக் கொன்றது. தேவாலயத்தின் முன்னே இறங்கி நில்லுங்கள். இந்தக் காடு ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த படையினருக்கு அடைக்கலம் கொடுத்த காடு, அதற்கு ஊர்கள் கொடுத்த விலை இது.

செத்தோன் ஏரியில் இரவு தங்கலாம். 1854 முதல் 1858 வரை கட்டிய கருங்கல் அணை. விறகு மிதக்க யோனில் நீர் போதாமல் போனதால் எழுந்த அணை அது. இன்று படகும் குளியலுமாக இருக்கிறது. மறுநாள் அனோ. அந்த ஊர் ஆண்கள் முன்பு மாட்டு வண்டியுடன் மே மாதம் கிளம்பி, தொலைதூரக் காடுகளில் மரம் இழுத்துவிட்டு, நவம்பரில் திரும்புவார்கள். கால்வஷே என்று அவர்களுக்குப் பெயர், அவர்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. மாடும் பிறகு லாரியும் ஏற வேண்டிய பாதைகள் என்பதால் சரிவு நீளமாக இருக்கும், நெஞ்சை அடைக்காது. ஓ-ஃபோலான் வரை அப்படியே மிதித்துக்கொண்டே போகலாம்.

ஆனால் இந்த ஏற்றத்தில்தான் மனம் வலிக்கும். ஓக், பீச் மரங்கள் நின்ற சரிவுகளில் ஒரே உயரத்தில் டக்ளஸ் ஃபிர் வரிசை, அடுத்த திருப்பத்தில் மொட்டையாக வெட்டப்பட்ட மலை. ஊசியிலைத் தோப்பின் அடியில் வெளிச்சமும் இல்லை, செடியும் இல்லை. இதை எதிர்த்து, உள்ளூர் மக்களும் வெளியூர் ஆர்வலர்களும் பங்கு சேர்த்துக் காட்டையே விலைக்கு வாங்கி அகலிலை மரங்களைக் காக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை. கனத்த வெட்டும் எந்திரம் போன பாதையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும்; வரைபடத்தில் இருக்கும் பாதை தரையில் இல்லாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது போவ்ரே மலை, 821 மீட்டர். உச்சியில் பிப்ராக்ட்: பழங்காலப் பிரான்சில் வாழ்ந்த 'கால்' மக்களில் ஏதுயி என்ற இனத்தாரின் தலைநகரம். கி.மு. 52இல் ரோமரை எதிர்த்த வெர்சின்ஜெத்தோரிக்ஸ், கால் மக்களின் கூட்டுப் படையின் தலைவராக உறுதிசெய்யப்பட்டது இங்கே. அகழ்வாய்வு இன்னும் நடக்கிறது. பழைய வேலிகளாகப் பின்னிவிட்ட பீச் மரங்கள் கவனிப்பின்றி வளர்ந்து, முறுக்கிய அடிமரத்தோடு நிற்கின்றன. இங்கே அரை நாள் ஒதுக்குங்கள். நடைபாதைகளில் ஓட்டாமல் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடப்பது நல்லது. பக்கத்து மலையில், 700 மீட்டருக்கு மேலே, யோன் ஊற்றெடுக்கிறது.

ஷாத்தோ-ஷினோன் வழியாகப் பன்னெசியேர் ஏரிக்கு இறங்குங்கள். 1949இல் முடிந்த இந்த அணை பாரிஸின் வெள்ளத்தைக் குறைக்க உதவுகிறது. இனி வருவதுதான் முழுப் பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. யோனின் நீரை நிவெர்னே கால்வாய்க்குக் கொண்டுபோகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய சிறு வாய்க்கால் ஒன்று ஏரிக்குக் கீழிருந்து கிளம்புகிறது. மலையின் மடிப்புகளை ஒட்டி, மட்டம் மாறாமல், 25 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் கரைதான் பாதை. ஒரு பக்கம் நீர், மறு பக்கம் சரிந்து இறங்கும் காடு, சக்கரத்துக்குக் கீழே மெல்லிய சரளை. மோந்த்ரொயியோனில் வாய்க்கால் 30 மீட்டருக்கு மேல் உயரமான கல் வளைவுகளில் ஏறி, தான் பிறந்த யோன் ஆற்றையே கடந்து போகிறது. மூன்று நாள் ஏறி இறங்கிய கால்கள் அங்கே இளைப்பாறும். வாய்க்கால் முடியுமிடத்தில் கால்வாய். சார்தியில் படகுகளைப் படிப்படியாக இறக்கும் 16 மதகுகள். பிறகு கிளாம்சி வரை கரைப் பாதை, அங்கிருந்து பாரிஸுக்கு ரயில்.

டயர் 45 மில்லிமீட்டர், டியூப்லெஸ். கருங்கல் விளிம்பு கூர்மையானது, குறைந்த காற்றில் மெல்லிய டயர் பஞ்சராகும். பின்னாலுள்ள மிகப் பெரிய பல்சக்கரம், முன்னாலுள்ள மிகச் சிறியதை விடப் பெரிதாக இருக்கட்டும். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டங்களைத் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் குழாய் உண்டு, குடிக்கலாமா என்ற பலகையை மட்டும் பாருங்கள். ஊர்க் கடைகள் மதியம் மூடும், ஞாயிறு மாலையும் திங்களும் பல இடங்களில் திறக்கவே மாட்டா. மாலையில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று கால்களைச் சோதியுங்கள். மே, ஜூன் மாதங்களே நல்ல பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். அப்போது போனால் ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டை நடக்கிறது என்ற பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். இந்தக் காடுகளில் பெரும்பகுதி தனியாருடையது. 2023 பிப்ரவரிச் சட்டப்படி, நுழையக் கூடாது என்று தெளிவாக அறிவித்த தனியார் காட்டுக்குள் போனால் 135 யூரோ அபராதம். நிலப்பதிவு வரைபடத்தில் கிராமப் பாதை என்று குறித்தவை ஊராட்சிக்குச் சொந்தமானவை, அவற்றில் தாராளமாக ஓட்டலாம்.

கூட வருபவருக்கு ஏற்றம் ஒத்துவராது என்றால் கோர்பிஞி வரை ரயிலில் வந்து, வாய்க்கால் கரையில் பன்னெசியேர் போய்த் திரும்பி, கால்வாயோரமாகக் கிளாம்சிக்கு ஓட்டலாம். அதற்கு இரண்டு நாள் போதும், சாதாரண சைக்கிளே போதும்.