ராமேஸ்வரம் – சென்னை இரவு ரயிலில் வயதான பெற்றோரோடு போக எந்த வகுப்பு நல்லது?

அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து போவார், கூட நீங்களும் உங்கள் மனைவியும் ஆறு வயது மகனும்; ராமநாதபுரத்தில் ஏறிச் சென்னை வரை போக ஸ்லீப்பரா, தேர்ட் ஏசியா, செகண்ட் ஏசியா, ஃபர்ஸ்ட் ஏசியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்கள் இருவருக்கும் செகண்ட் ஏசியில் லோயர், அதாவது கீழ் பெர்த், எடுங்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் தேர்ட் ஏசி லோயர். அதுவும் முடியாது என்றால், மார்கழி, தை மாதமாக இருந்தால், ஸ்லீப்பர் லோயர்கூடப் பரவாயில்லை. மூன்றிலும் மாறாதது அந்த லோயர்தான். வகுப்பை முடிவு செய்துவிட்டு, பெர்த் எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு செகண்ட் ஏசி அப்பரைவிட ஸ்லீப்பர் லோயர் எவ்வளவோ மேல்.

நான் உச்சிப்புளிப் பக்கத்துக்காரன். ஏறுவது உங்களைப் போல ராமநாதபுரத்தில்தான். அம்மாவை வைத்தியத்துக்காகப் பல வருடமாக இந்த வண்டிகளில் கூட்டிப்போய் வருகிறேன். அவர்களுக்கும் முட்டி மடங்காது. அதனால் இதை ஆற அமரச் சொல்கிறேன்.

செகண்ட் ஏசிக்கும் தேர்ட் ஏசிக்கும் வித்தியாசம் குளிரில் இல்லை. இரண்டிலும் ஒரே குளிர், ஒரே மாதிரி போர்வை, விரிப்பு, தலையணை. வித்தியாசம் மிடில் பெர்த்தில். தேர்ட் ஏசியில் இரவு 10 மணிக்கு மிடிலைத் தூக்கி மாட்டிவிட்டால், கீழே இருப்பவர் காலை 6 மணி வரை நிமிர்ந்து உட்கார முடியாது. கழுத்தைச் சாய்த்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் நகர்ந்துதான் காலைத் தொங்கப்போட வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு எழுந்து நிற்பதைவிட அந்த நகர்தல்தான் பெரும்பாடு. செகண்ட் ஏசியில் மிடில் கிடையாது. இரவு 2 மணிக்குக் கால் மரத்துப்போனால் எழுந்து உட்கார்ந்து நீவிவிட்டுக்கொள்ளலாம். மாத்திரை போடலாம், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். மூச்சு வாங்குகிறவர்களும், சாப்பிட்டது எதுக்களித்துக்கொண்டு வருகிறவர்களும் சற்று நேரம் சாய்ந்து உட்காரவும் இடம் இருக்கிறது. மேலே கொடுக்கும் பணம் இதற்குத்தான். திரைச்சீலை, அமைதி எல்லாம் அதற்குப் பிறகு.

ஆள் நெருக்கமும் ஒரு காரணம். புதிய எல்எச்பி பெட்டிகளில் ஸ்லீப்பரில் 80 பெர்த், தேர்ட் ஏசியில் 72, செகண்ட் ஏசியில் 52, முழு ஃபர்ஸ்ட் ஏசி பெட்டியில் 24. உங்கள் அப்பாவைப் போல அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை முக்கியம். பின்னிரவில் சுத்தம் எப்படி இருக்கும், விடியற்காலையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

தேர்ட் ஏசிதான் என்றால், அப்பாவுக்கு சைடு லோயர் கேட்டுப் பாருங்கள். பலர் சைடு லோயரை விரும்புவதில்லை. நீளம் சற்றுக் குறைவு, உயரமானவர்களுக்குக் கால் இடிக்கும், நடுவில் இரண்டு சீட்டும் சேரும் இடம் முதுகில் உறுத்தும், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் மேலே மிடில் இல்லாததால் நிமிர்ந்து உட்காரலாம், எழுந்தவுடன் நடைபாதை, யாருடைய காலையும் தாண்ட வேண்டாம். இரவில் பலமுறை எழுகிறவருக்கு இதைவிட வசதியான இடம் தேர்ட் ஏசியில் இல்லை. உறுத்தலுக்கு வீட்டிலிருந்து ஒரு கனமான ஜமுக்காளம் எடுத்துப்போய் மடித்துப் போட்டுவிடுங்கள்.

பெர்த் நம்பரைப் பார்த்தே அது லோயரா, மிடிலா, அப்பரா என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் எட்டெட்டாக எண்ணுங்கள்: 1, 4 லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். செகண்ட் ஏசியில் ஆறாறாக: 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், 6 சைடு அப்பர். பெட்டியின் இரு கோடியிலும் வரும் எண்கள் கழிப்பறைக்குப் பக்கம். கதவு அடித்துக்கொண்டே இருக்கும், வெளிச்சம் முகத்தில் விழும். அப்பாவுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அங்கே போட நினைக்காதீர்கள், தூக்கமே இருக்காது. 72 பெர்த் உள்ள பெட்டியில் 20க்கு மேல் 50க்குள் வந்தால் நல்லது. ஆட்டமும் நடுவில் குறைவு.

லோயர் கிடைப்பதற்கு வழி, டிக்கெட்டைப் பிரித்து எடுப்பது. இதைச் செய்யாமல்தான் பல வீடுகளில் பெரியவர்கள் மிடிலில் ஏற முடியாமல் நிற்கிறார்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி மூன்றிலும் ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் எடுக்க, ஒரே டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும், அவர்களும் அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். ஐந்து பேரையும் ஒன்றாகப் போட்டால் அது கிடைக்காது. எனவே அம்மா, அப்பாவுக்குத் தனி டிக்கெட், மூத்தோர் ஒதுக்கீட்டில். உங்கள் மூவருக்கும் பொதுவில் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள். மகனுக்குத் தனி பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். ஆறு வயதுப் பிள்ளை அம்மாவோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் என்றால் அரை டிக்கெட் போதும். நன்றாக உருண்டு புரள்கிற பிள்ளை என்றால் தனி பெர்த் எடுத்துவிடுங்கள், உங்கள் மனைவியும் தூங்க வேண்டுமே.

பிரித்து எடுத்தால் பெட்டி வேறாகிவிடுமே என்று தோன்றும். ஆகலாம். அப்படி ஆனால் நீங்கள் மூவரில் ஒருவர் பெரியவர்கள் இருக்கும் பெட்டிக்குப் போக வேண்டும். அந்தப் பெட்டியில் யாராவது மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். லோயரைக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள், நீங்கள் கொடுப்பதும் கேட்பதும் அப்பர் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். டிடிஆரிடமும் சொல்லி வையுங்கள். சார்ட்டில் காலியாக நிற்கும் இடம் அவருக்குத்தான் தெரியும்.

டிக்கெட் போடும்போது தானாகவே மேல் வகுப்புக்கு மாற்றலாமா என்று ஒரு கேள்வி வரும். பெரியவர்கள் டிக்கெட்டில் அதற்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள். மேல் வகுப்பில் லோயரே கிடைக்கும் என்று உறுதி இல்லை. தட்கலையும் நம்ப வேண்டாம். ஏசிக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அதில் மூத்தோர் ஒதுக்கீடு கிடையாது. ஆர்ஏசி என்றால் ஒரே சைடு லோயரில் இரண்டு பேர், இரவெல்லாம் உட்கார்ந்தபடி. இளவட்டங்கள் சமாளிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது, தேதியை மாற்றிவிடுங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை ஒட்டிய நாட்களில் தீர்த்தமாட வந்தவர்கள் திரும்புகிற கூட்டம் பெட்டிகளை நிறைத்துவிடும். ஏர்வாடி சந்தனக்கூட்டு நாட்களும் அப்படித்தான். அந்தத் தேதிகளைத் தள்ளிப் போடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால், ராமேஸ்வரத்திலிருந்து எடுத்து, ஏறும் இடம் ராமநாதபுரம் என்று குறித்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக வராது, இடம் சில சமயம் அதில் இருக்கும்.

இனி ஸ்லீப்பர். நம் கரையோரத்துக்காரர்களில் பெரும்பாலோர் போவது அதில்தான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தேர்ட் ஏசிக் கட்டணம் ஸ்லீப்பரைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஐந்து பேர் போய்வர அது ஒரு பெரிய தொகை. கார்த்திகை மழை ஓய்ந்து மாசி வரைக்கும் ஸ்லீப்பரில் நல்ல தூக்கம் வரும். வண்டி ஓடும்போது வருகிற காற்றே போதும், இருமல்காரர்களுக்கு ஏசியின் வறண்ட குளிரைவிட அது இதம். சித்திரை, வைகாசியில் கதை வேறு. பகலெல்லாம் வெயிலில் கிடந்த பெட்டி, மேல்கூரை கொதித்துப்போய் இருக்கும். அப்பரில் படுத்தவர்களுக்கு நள்ளிரவு வரை வேர்வை அடங்காது. கிராசிங்குக்காக எங்காவது நிறுத்திவிட்டால் கொசு வந்துவிடும். ஐப்பசி மழையில் ஷட்டரை இறக்கிவிட்டால் புழுக்கம், ஏற்றினால் சாரல். இந்த மாதங்களில் பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஸ்லீப்பர் வேண்டாம் என்றே சொல்வேன். எப்போது போனாலும், அம்மா ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டாம், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்லீப்பருக்கு என்று ஒரு பெருமையும் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே ராமேஸ்வரத்தில் கிளம்புகிற வண்டியில் பாம்பன் பாலத்தைத் தாண்டுவது. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றுபோனது. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபோதுதான் எங்கள் பக்கத்து மக்களுக்கு மூச்சு வந்தது. திறந்த ஜன்னலில் உப்புக்காற்று முகத்தில் அடிக்க, இரண்டு பக்கமும் கடலைப் பார்ப்பதற்கு ஏசி பெட்டியின் மூடிய கண்ணாடி ஈடாகாது. உங்கள் மகன் பார்த்ததில்லை என்றால், ஒரு நாள் பகலில் சாதாரணப் பெட்டியில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதற்காக இரவுப் பயணத்தின் வகுப்பை மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் ஏறுவது பாலம் தாண்டிய பிறகுதானே.

ஃபர்ஸ்ட் ஏசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நால்வர் அறை, இருவர் அறை என்று கதவைப் பூட்டிக்கொள்ளும்படி இருக்கும். பெர்த் அகலம். பல வண்டிகளில் அது பாதிப் பெட்டிதான், மறுபாதி செகண்ட் ஏசி. எந்த அறை, எந்த பெர்த் என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, சார்ட் போடும்போதுதான் தெரியும். முட்டி வலிக்காரருக்கு லோயர் உறுதியில்லாத ஒன்றுக்கு அவ்வளவு பணம் கொடுக்க நான் தயங்குவேன். அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவர், கூட்டமே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பவர், இவர்களுக்கு எடுக்கலாம். தேர்ட் ஏசி எகானமி என்று சில வண்டிகளில் இருக்கிறது. கட்டணம் சற்றுக் குறைவு, ஆனால் ஒரே பெட்டியில் பெர்த்களை இன்னும் நெருக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் சரி, பெரியவர்களுக்கு வேண்டாம்.

எந்த வண்டி என்பதும் இதில் சேரும். பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்லும் வண்டி காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி வந்து, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சுற்றிப் போகும். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் தனுஷ்கோடி வரை வந்து, தலைமன்னார் கப்பலுக்கு ஆள் இறக்கிய வண்டியின் பெயர் அது. சேது எக்ஸ்பிரஸ் திருச்சியிலிருந்து விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போய்விடும். போட் மெயில் முன்னதாகக் கிளம்புவதால் படுக்கிற நேரம் வரும்வரை நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். சைடு அப்பர்காரருக்கும் அதுவரை சைடு லோயரில்தான் இடம். அம்மா நினைத்தபோது காலை நீட்ட முடியாது. சேதுவில் ஏறிச் சாப்பிட்டுவிட்டால் படுத்துவிடலாம். உங்கள் வீட்டுக்கு சேது பொருத்தம்.

ராமநாதபுரத்தில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். முன்கூட்டியே கோச் நிற்கும் இடத்துக்கு அம்மாவை நடத்திக்கொண்டுபோய் உட்காரவைத்துவிடுங்கள். ராமேஸ்வரத்தில் ஏறியவர்கள் லோயருக்கு அடியில் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். உங்கள் சாமான் குறைவாக இருந்தால் நல்லது. அம்மாவின் செருப்பு வைக்கவும், காலைப் பின்னால் இழுத்து ஊன்றி எழவும் அடியில் சற்று இடம் வேண்டும்.

சென்னையில் இருக்கிற சொந்தங்களுக்குக் கருவாடு கொண்டுபோவீர்கள் என்று தெரியும், நாங்களும் கொண்டுபோவோம். ஏசி பெட்டியில் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். சீலாவோ நெத்திலியோ, வெறும் ஓலைப்பெட்டியில் கட்டினால் பெட்டி முழுக்க வாசம் ஏறிவிடும். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட நண்டு, இறால் பெட்டியை ஏசிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். தண்ணீர் கசிந்து அடுத்தவர் பை நனைந்துவிடும். கருப்பட்டி எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், செகண்ட் ஏசியில் ஆளுக்கு 50 கிலோ வரை அனுமதி உண்டு.