பேரிடர் நடந்து மாதங்கள் கழித்து, அதே ஊருக்கு மீண்டும் உதவச் செல்வதில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. முதல் சில வாரங்களில் வந்து குவியும் உதவி வற்றிய பிறகுதான் குடும்பங்களின் நீண்ட சிரமம் தொடங்குகிறது. அப்போது அவர்களுக்குத் தேவைப்படுவது பழைய துணி மூட்டை அல்ல. வெள்ளத்தில் போன நிலப் பத்திரத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நகல் வாங்கவும், இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பவும், அது நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யவும் பொறுமையாக உடனிருக்கும் ஒருவர். உள்ளூர்ச் சந்தை இயங்குகிறது என்றால், பொருளைவிடப் பணமாகக் கொடுப்பதே பெரும்பாலும் நல்லது.

குழந்தைகள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மழைச் சத்தம் கேட்டாலே தாயை விட்டு நகராத சிறுமியையும், எப்போதோ விட்ட பழக்கமாகிய படுக்கை நனைத்தல் திரும்பிவிட்ட சிறுவனையும், வீடு இடிந்து விழும் விளையாட்டையே திரும்பத் திரும்ப ஆடும் பிள்ளைகளையும் அங்கே காண்பீர்கள். இவை பெரும்பாலும் இயல்பான எதிர்வினைகளே. கண்டிப்பதோ கேலி செய்வதோ கூடவே கூடாது. அன்று நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தலாகாது என்பதை, உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் வலியுறுத்துகிறது. பள்ளி, விளையாட்டு, உறக்கம் ஆகியவை பழைய ஒழுங்குக்குத் திரும்புவதே பல குழந்தைகளுக்குப் பெரும் ஆறுதல். மாதக்கணக்கில் அச்சம் தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மீண்டும் வருவதாக ஒரு குழந்தையிடம் சொன்னால் கட்டாயம் வர வேண்டும். வர இயலுமா என்பது உறுதியாகத் தெரியாதபோது அந்த வாக்கைக் கொடுக்காமல், உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் பணியை முறையாக ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.