புது லேப்டாப்பைப் பணம் கட்டும் முன் கடையிலேயே சோதிப்பது எப்படி?

கடைக்காரர் விண்டோஸைத் திறந்து காட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. திரை எரிகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது.

மச்சானுக்கு லேப்டாப் வாங்க பெங்களூருவில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான உபுண்டு ஏற்றிய பென்டிரைவ் ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். "அண்ணே, பில் போடுறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் ஓட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன். கடைக்காரர் வேலூர்ப் பக்கம். "சீல் உடைச்சா எடுத்துக்கணும் தம்பி" என்றார். "குறை இல்லேன்னா இதையே எடுத்துக்கிறேன், இருந்தா வேற பீஸ் குடுங்க" என்றதும் அரைமனதாகப் பெட்டியைப் பிரித்தார்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்து, அதாவது மெஷினை அதிலிருந்தே கிளப்பி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை உபுண்டு' மட்டும் கொடுத்தால் டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். அனுமதி இல்லாத மென்பொருளில் மெஷின் கிளம்பாமல் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டாம். என் போன் ஹாட்ஸ்பாட்டோடு இணைந்தபோதே வைஃபை தேறிவிட்டது. அதிலேயே டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளை இறக்கி, மெஷினின் டிஸ்கான எஸ்எஸ்டியின் ஜாதகத்தைப் பார்த்தேன். இதுவரை ஓடிய மணி நேரத்தைச் சொல்லும் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியில் 412 என்றிருந்தது. ஃபேக்டரி சோதனையில் சில மணி நேரம் ஓடியிருந்தால் சரி. 412 என்றால் தினம் எட்டு மணி நேரக் கணக்கில் ஐம்பது நாள் உழைத்த மெஷின்! காட்டினேன். மனுஷன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "டிஸ்ப்ளே பீஸா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார். அதில் 2.

பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளி செத்திருந்தால் பல கம்பெனிகள் வாரண்டியில் திரையை மாற்றித் தருவதில்லை, அதனால் கடையிலேயே கண்டுபிடித்தால்தான் உண்டு. யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு இன்னொரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். பூட் செய்ததையே உருவி அடுத்ததில் செருகி, மெஷின் உறைந்து, கடைப்பையன் சிரித்த அனுபவம் எனக்கு உண்டு. பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

ரேமைக் கடையில் முழுசாகச் சோதிக்க முடியாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் 16 ஜிபிக்கு ஓட நேரம் பிடிக்கும், முதல் ராத்திரி வீட்டில் ஓடவிட்டுத் தூங்குங்கள். அதற்காகவே, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

உபுண்டுவில் கைரேகை சென்சார் வேலை செய்யாவிட்டால் மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் அது சென்சாரை இயக்கும் மென்பொருளான டிரைவர் உபுண்டுவில் இல்லாத கோளாறு, விண்டோஸில் பார்த்துக்கொள்ளலாம்.